இத்தாலியில் யாருக்கு ‘ச்சாவ்’, யாருக்கு ‘புவொன்ஜோர்னோ’? முகமன் சொல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் பலெர்மோ நகருக்குப் புதிதாக வரும் நம்மவர்களோடு போஸ்ட் ஆபீசுக்கும் டாக்டரிடமும் வாடகை வீடு பார்க்கவும் பல வருடங்களாகத் துணைக்குப் போய் வருகிறேன். வருகிறவர்கள் இலக்கணம் ஓரளவு படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆனாலும் கவுண்டருக்குப் பின்னால் இருப்பவரிடம் சொல்லும் முதல் சொல்லிலேயே தடுமாறிவிடுகிறார்கள்.

முகமன் சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதால்தான் இந்தத் தடுமாற்றம். இத்தாலியர்கள் சொல்லை முதலில் தேர்ந்தெடுப்பதில்லை. எதிரில் இருப்பவர் யார், மணி என்ன என்ற இரண்டையும் பார்த்த பிறகே சொல் வருகிறது. கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. மாற்றாமல் பழகுங்கள்.

1. முதலில் ஒலியைச் சரிசெய்யுங்கள்

இதை முதல் படியாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. முதல் சொல் தெளிவாக விழுந்துவிட்டால் எதிரில் இருப்பவர் பொறுமையாகக் கேட்கத் தொடங்குகிறார். தமிழ் பேசுகிறவருக்கு இது கடினமும் இல்லை. வேண்டிய ஒலிகளில் பாதி ஏற்கெனவே நம் வாயில் இருக்கிறது.

நெருங்கியவர்களைச் சந்திக்கும்போதும் பிரியும்போதும் சொல்லும் ‘ச்சாவ்’ என்பதை ‘பச்சை’யில் வரும் ச்ச ஒலியோடு தொடங்குங்கள். எழுத்தைப் பார்த்து ‘சியாவோ’ என்று இழுக்கிறவர்கள் அதிகம். நடுவில் இருக்கும் இகரம் அந்த ச்ச ஒலியைக் காட்டுவதற்காக மட்டும் எழுதப்படுகிறது, அதை உச்சரிப்பதில்லை. பகல் வணக்கமான ‘புவொன்ஜோர்னோ’விலும் இதே கதைதான்: ‘ஜியோர்னோ’ வேண்டாம், ‘ஜோர்னோ’ போதும். தொடக்கத்தில் வரும் ப, ‘கம்பு’ என்பதில் வரும் ப.

ஆங்கிலம் வழியாக இத்தாலியம் படித்தவர்கள் தகரம் வரும் இடத்தில் எல்லாம் டகரம் போடுகிறார்கள். இத்தாலிய நாக்கு நம் தகரத்தைப் போலப் பல்லைத்தான் தொடும். எனவே இரவு வணக்கமான ‘புவொனநோத்தே’ என்பதில் ‘பத்து’வின் த்த வர வேண்டும். அந்த இரட்டிப்பையும் விடாதீர்கள். ‘நோத்தே’ என்று அழுத்தினால் இரவு. அழுத்தாமல் ஒற்றையாக விட்டால் குறிப்புகள் என்று பொருள்படும் வேறு சொல் ஆகிவிடும்.

பெண்களை மரியாதையாக அழைக்கும் ‘சிஞ்ஞோரா’வுக்கு ‘அஞ்ஞானம்’ என்பதன் ஞ்ஞ அப்படியே பொருந்துகிறது. நன்றி சொல்லும் ‘க்ராத்ஸியே’யில் கடைசி ஏ ஒலியை விழுங்கக் கூடாது. ‘க்ராத்ஸி’ என்று பாதியில் நிறுத்துவது புதியவர்களிடம் நான் அதிகம் கேட்கும் பிழை.

2. ‘தூ’வா, ‘லேய்’யா என்று முடிவு செய்யுங்கள்

வாயைத் திறப்பதற்கு முன்பே எடுக்க வேண்டிய முடிவு இது. ‘தூ’ என்றால் நீ. ‘லேய்’ என்றால் மரியாதைக்குரிய ஒருவரை அழைக்கும் நீங்கள். ‘வோய்’ என்றால் பலரை அழைக்கும் நீங்கள்.

நமக்கான முதல் பொறி இங்கே இருக்கிறது. தமிழில் ஒருவருக்கும் பலருக்கும் ஒரே ‘நீங்கள்’. அதனால் நம்மவர்கள் மரியாதை காட்டுவதாக நினைத்துத் தனி ஒருவரிடம் ‘வோய்’ என்கிறார்கள். நேப்பிள்ஸ் பக்கத்திலும் தெற்கின் வேறு சில இடங்களிலும் பெரியவர்களுக்கு இன்றும் அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு. கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், ஆனால் நீங்கள் ‘லேய்’யிலேயே இருங்கள். அதுதான் நாடு முழுவதும் செல்லும்.

‘லேய்’ சொல்லும்போது வினைச்சொல் படர்க்கை ஒருமைக்கு, அதாவது ‘அவள்’ என்பதற்கான வடிவத்துக்கு மாறும். எதிரில் இருப்பவர் ஆணாக இருந்தாலும் அப்படித்தான். இது விசித்திரமாகத் தோன்றினால் நம் பேச்சையே நினைத்துப் பாருங்கள். எதிரில் நிற்பவரைப் பார்த்தே ‘அம்மா என்ன சாப்பிடுறாங்க?’ என்று கேட்கிறோம் இல்லையா? நேரே சுட்டாமல் சற்றுத் தள்ளி நின்று பேசும் அதே மரியாதைதான் இது.

இரண்டாவது பொறி வயது. தமிழில் வயதைப் பார்த்து நீ, நீங்கள் போடுகிறோம். இத்தாலியில் வயதுக்கு முன்னால் பழக்கம் வந்து நிற்கிறது. பேக்கரியில் நிற்கும் இருபது வயதுப் பையனும் முன்பின் தெரியாதவன் என்றால் அவனுக்கு ‘லேய்’தான். ‘தம்பி’ என்ற உரிமையில் ‘தூ’ போட்டால் அவனை மட்டமாக நினைத்ததுபோல் ஆகிவிடும்.

குடும்பத்துக்குள் நிலைமை நேர்மாறாக இருக்கிறது. எண்பது வயதுப் பாட்டியையும் பேரன் ‘தூ’ என்றுதான் அழைக்கிறான். இதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். சாமியை நாம் நீ என்று கூப்பிடுவதுபோல நெருக்கத்தால் வரும் ஒருமை அது. ஜெபத்தில் கடவுளையும் அவர்கள் ‘தூ’ என்றே அழைக்கிறார்கள்.

அப்படியென்றால் ‘தூ’ யாருக்கு? குழந்தைகளுக்கு, நண்பர்களுக்கு, உறவினர்களுக்கு, உங்கள் வயதை ஒத்த இளைஞர்களுக்கு, கூட வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோருக்கு. மற்ற எல்லோருக்கும் ‘லேய்’ என்று தொடங்குங்கள். ‘லேய்’ என்று தொடங்கிவிட்டுப் பிறகு ‘தூ’வுக்கு இறங்குவது எளிது. ‘தூ’ போட்டுவிட்டு ஏறுவதுதான் சங்கடம்.

இந்த முடிவு உரையாடல் முடியும் வரை உங்களோடு வரும். ‘ச்சாவ்’ எப்போதும் ‘தூ’ பக்கத்துச் சொல். ‘புவொன்ஜோர்னோ’ இரண்டு பக்கமும் செல்லும். ‘புவொன்ஜோர்னோ சிஞ்ஞோரா, கோமே ஸ்தாய்?’ என்று கேட்டால், ‘வாங்கம்மா, எப்படி இருக்கிறாய்?’ என்று கேட்டதுபோல் பாதியில் முறிந்துவிடும். ‘கோமே ஸ்தா?’ என்பதே அங்கே வர வேண்டும்.

3. மணியைப் பாருங்கள்

காலையில் ‘புவொன்ஜோர்னோ’, மாலையில் ‘புவொனசேரா’. எங்கே மாறுகிறது என்பதுதான் குழப்பம். அதற்குத் தேசிய நேரம் எதுவும் கிடையாது. சில பகுதிகளில் மதியச் சாப்பாடு முடிந்ததுமே ‘புவொனசேரா’ தொடங்கிவிடுகிறது. வேறு சில இடங்களில் நாலு, ஐந்து மணி வரை காலைச் சொல்லே ஓடுகிறது.

எனவே நீங்கள் வாழும் ஊரில் கடைக்காரர் என்ன சொல்கிறார் என்று ஒரு வாரம் காது கொடுத்துக் கேளுங்கள். நீங்கள் ‘புவொன்ஜோர்னோ’ சொல்லி அவர் ‘புவொனசேரா’ என்று பதில் தந்தால் அது கண்டிப்பு இல்லை. அடுத்தவரிடம் நீங்களும் மாற்றிக்கொண்டால் போதும்.

‘புவொன் பொமெரிஜ்ஜோ’ என்று பிற்பகலுக்கு ஒரு சொல் பாடப்புத்தகத்தில் இருக்கும். டிவி, ரேடியோ அறிவிப்பாளர்களிடமும் அலுவலகத் தொலைபேசியிலும் அதைக் கேட்கலாம். கடைத்தெருவில் அதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை.

‘புவொனநோத்தே’ தூங்கப் போகிறவருக்குச் சொல்லும் சொல். நம் ஊரில் ராத்திரி எட்டு மணிக்கு ஆபீசை விட்டுக் கிளம்பும்போதே குட் நைட் சொல்கிறோம், அந்தப் பழக்கத்தில் இதையும் சொல்லிவிடுகிறோம். இரவு ஒன்பது மணிக்கு ஓட்டலுக்குள் நுழையும்போதும் ‘புவொனசேரா’தான். ‘புவொனநோத்தே’ வீட்டில் விளக்கணைக்கும் நேரத்துக்கும், நள்ளிரவை நெருங்கிப் பிரியும் நேரத்துக்கும் உரியது.

4. முடிவெடுக்க முடியாவிட்டால் ‘சால்வே’

எதிரில் இருப்பவருக்கு ‘தூ’ போடலாமா என்று தெரியவில்லை, மணியும் இரண்டுங்கெட்டானாக இருக்கிறது என்றால் ‘சால்வே’ கைகொடுக்கும். மாடிப்படியில் எதிர்ப்படும் பக்கத்து வீட்டுக்காரர், நண்பனுடைய அண்ணன், மகளின் பள்ளி வாசலில் நிற்கும் இன்னொரு பெற்றோர் ஆகியோருக்கு இது நன்றாகப் பொருந்தும்.

இரண்டு எச்சரிக்கை. இதைச் சந்திக்கும்போது மட்டும் சொல்லுங்கள், விடைபெற இது உதவாது. அப்புறம், வயதான பேராசிரியர்கள் போன்ற சிலர் இதை அரைகுறை மரியாதையாக நினைக்கிறார்கள். அவர்களிடம் ‘புவொன்ஜோர்னோ’வே சொல்லுங்கள்.

5. பட்டத்தைச் சேருங்கள்

‘லேய்’ என்று முடிவு செய்தவரிடம் முகமனுக்குப் பின்னால் ஒரு விளிச்சொல் சேர்த்தால் அது நிறைவாக இருக்கும். பெண்களுக்குச் ‘சிஞ்ஞோரா’. இளம் பெண்களுக்கு என்று ‘சிஞ்ஞோரினா’ என்றொரு சொல் உண்டு, அதை விட்டுவிடுங்கள். திருமணம் ஆனதா இல்லையா என்று பார்த்து அழைப்பதை இன்று பலர் விரும்புவதில்லை.

ஆண்களுக்குச் ‘சிஞ்ஞோரே’. பின்னால் குடும்பப் பெயர் வந்தால் கடைசி ஏகாரம் உதிர்ந்து ‘சிஞ்ஞோர் ரோஸ்ஸி’ ஆகும். ‘தொத்தோரே’யும் அப்படியே ‘தொத்தோர் ரோஸ்ஸி’ ஆகும். பெண்ணாக இருந்தால் ‘தொத்தோரெஸ்ஸா’, அதில் எதுவும் உதிராது.

‘தொத்தோரே’ என்றதும் வைத்தியர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இத்தாலியில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற எவரும் ‘தொத்தோரே’தான். வங்கி மேலாளரை அப்படி அழைப்பதைக் கேட்டு, வைத்தியர் ஏன் இங்கே இருக்கிறார் என்று ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். பொறியாளருக்கு ‘இஞ்சென்யேரே’, வக்கீலுக்கு ‘அவ்வொகாதோ’, ஆசிரியருக்கு ‘ப்ரொஃபெஸ்ஸோரே’, ஆசிரியைக்கு ‘ப்ரொஃபெஸ்ஸொரெஸ்ஸா’. பாதிரியாருக்கு ‘தொன்’ என்பதோடு அவருடைய முதல் பெயர்.

வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு நடுவழி உண்டு. ‘சிஞ்ஞோரா மரியா’ என்று பட்டத்தோடு முதல் பெயரைச் சேர்த்து, வினைச்சொல்லை ‘லேய்’யில் வைப்பது. நெருக்கமும் இருக்கும், மரியாதையும் குறையாது. தெற்கில் இதை அதிகம் கேட்கலாம்.

6. நுழைந்ததும் சொல்லுங்கள், பிறகு கேளுங்கள்

நம்மவர்களைப் பற்றி இத்தாலியர்கள் தவறாக நினைக்கும் இடம் இதுதான். நாம் கடைக்குள் போனால் சொல்லால் வணங்குவதில்லை. ஒரு சிரிப்பு, ஒரு தலையசைப்பு, பிறகு நேராக ‘அண்ணே, அரைக்கிலோ சர்க்கரை’. அதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை என்று நமக்குத் தெரியும். இத்தாலியருக்கு அது தெரியாது. முகமன் இல்லாமல் தொடங்கும் கேள்வி அவர் காதில் அதட்டலாக விழுகிறது.

எனவே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: வாசலைத் தாண்டியதும் ‘புவொன்ஜோர்னோ’, அதன் பிறகே விஷயம். பேக்கரியிலும் மருந்துக்கடையிலும் லிஃப்டிலும் இதே விதிதான். ‘பார்’ என்று பலகை போட்டிருக்கும் காபிக்கடையிலும் அப்படித்தான். வேலையாக இருப்பவர் தலை நிமிராவிட்டாலும் சொல்லுங்கள்.

டாக்டரின் காத்திருப்பு அறையில் உள்ளே இருக்கும் எல்லோருக்கும் பொதுவாக ஒரு ‘புவொன்ஜோர்னோ’ சொல்லிவிட்டு, ‘கி ஏ லூல்த்திமோ?’ என்று கேளுங்கள். ‘கடைசியாக வந்தவர் யார்?’ என்று பொருள். ஒருவர் கை தூக்குவார், அவருக்குப் பின்னால் உங்கள் முறை. இந்த இரண்டையும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டு, பிறகு முறை தெரியாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தெருவில் வழி கேட்பதற்கு ஒருவரை நிறுத்தினால் ‘ஸ்கூசி’ என்று தொடங்குங்கள். ‘ஸ்கூசா’ அதன் ‘தூ’ வடிவம். ஓர் உயிரொலிதான் வித்தியாசம், ஆனால் ‘கொஞ்சம் கேளுங்க’ என்பதற்கும் ‘கொஞ்சம் கேளு’ என்பதற்கும் உள்ள தூரம் அதில் இருக்கிறது.

ஒருவர் வீட்டுக்குப் போகும்போது இன்னொரு சொல் வேண்டும். கதவு திறந்திருக்கும், அவரே உங்களைக் கூப்பிட்டும் இருப்பார். அப்படியும் நிலைப்படியில் ஒரு கணம் நின்று ‘பெர்மெஸ்ஸோ’ என்று சொல்லுங்கள். உள்ளே வர அனுமதி கேட்பது அது. ‘அவான்த்தி’ அல்லது ‘ப்ரேகோ’ என்ற பதில் வரும், அதன்பின் காலை வையுங்கள். நம் வழக்கத்தில் ‘வாங்க’ என்று வீட்டுக்காரர் முந்திக்கொள்வார். அங்கே விருந்தாளியின் சொல் முதலில் வருகிறது.

சிசிலியில் வயதானவர்கள் வாயிலிருந்து ‘அஸ்ஸபினிரிக்கா’ என்ற ஒரு சொல் எப்போதாவது விழும். ‘எனக்கு ஆசி தாருங்கள்’ என்று பெரியவர்களைப் பார்த்துச் சொல்லும் பழைய சிசிலிய முகமன். நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் முதல்முறை அதன் பொருள் தெரிந்தபோது, பெரியவர் காலைத் தொடும் நம் வழக்கம் நினைவுக்கு வந்து எனக்கு மனம் நிறைந்துபோனது.

7. அறிமுகமும் நலம் விசாரிப்பும்

முதல் சந்திப்பில் கை நீட்டி ‘பியாச்சேரே’ என்று சொல்லி, உங்கள் பெயரைச் சொல்லுங்கள். ‘மகிழ்ச்சி’ என்று பொருள். எதிரில் இருப்பவரும் அதையே சொல்வார், அல்லது ‘பியாச்சேரே மீயோ’ என்பார்.

கன்னத்தோடு கன்னம் வைக்கும் முத்தம் நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் உரியது, பொதுவாக இரண்டு. அதை நீங்கள் தொடங்க வேண்டாம். எதிரில் இருப்பவர் நெருங்கினால் போதும். அது கூச்சமாக இருந்தால் முன்கூட்டியே கையை நீட்டிவிடுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

கை கூப்புவதில் மட்டும் கவனம். கூப்பிய கைகளை மேலும் கீழும் ஆட்டுவது இத்தாலியில் கெஞ்சுவதையோ, ‘என்னப்பா இது’ என்ற சலிப்பையோ காட்டும் சைகை.

நலம் விசாரிக்க ‘லேய்’க்கு ‘கோமே ஸ்தா?’, ‘தூ’வுக்குக் ‘கோமே ஸ்தாய்?’. இரண்டுக்கும் பொதுவாகக் ‘கோமே வா?’. பதில் ‘பேனே, க்ராத்ஸியே’, அதாவது நலம், நன்றி. அதோடு நிறுத்தாமல் ‘ஏ லேய்?’ அல்லது ‘ஏ தூ?’ என்று திருப்பிக் கேட்க வேண்டும். முன்பின் தெரியாத கடைக்காரரிடம் இந்தக் கேள்வியே வேண்டாம்.

8. விடைபெறும்போது

வரும்போது சொன்ன அளவு மரியாதை போகும்போதும் வேண்டும். கடை, அலுவலகம், டாக்டர் எல்லாவற்றுக்கும் ‘அர்ரிவெதேர்ச்சி’ போதும். அழுத்தம் ‘தேர்’ மீது விழ வேண்டும். ஒரே ஒருவருக்கு மிகுந்த மரியாதையோடு சொல்ல ‘அர்ரிவெதேர்லா’ உண்டு. பலர் இருக்கும் இடத்தில் அது பொருந்தாது.

அதனோடு ‘புவொனா ஜோர்னாதா’ சேர்த்தால் இன்னும் இனிமை. மாலையில் ‘புவொனா சேராதா’. இவற்றை நுழையும்போது சொல்வது அடிக்கடி நடக்கும் பிழை. ‘ஜோர்னோ’வும் ‘ஜோர்னாதா’வும் ஒன்றுபோல் இருப்பதால் வரும் குழப்பம் இது. மீதி நாள் நன்றாகப் போகட்டும் என்று வாழ்த்துவதால், கிளம்பும்போதுதான் அதற்குப் பொருள் உண்டு.

நண்பர்களிடம் ‘ச்சாவ்’ இங்கேயும் செல்லும். ‘ச்சி வெதியாமோ’ என்றால் பார்க்கலாம், ‘ஆ தொமானி’ என்றால் நாளைக்கு, ‘ஆ ப்ரெஸ்தோ’ என்றால் சீக்கிரம் சந்திப்போம். ‘அத்தீயோ’ என்பதைத் தொடாதீர்கள். இனி பார்க்கவே போவதில்லை என்ற கனம் அதில் இருக்கிறது. நம் வீட்டில் ‘போறேன்’ என்றால் ‘போயிட்டு வர்றேன்னு சொல்லு’ என்று திருத்துவார்களே, அந்த உணர்வை இங்கேயும் வைத்துக்கொள்ளுங்கள்.

9. போனிலும் கடிதத்திலும்

போனை எடுத்ததும் ‘ப்ரொன்த்தோ’. நீங்கள் அழைத்திருந்தால் ‘புவொன்ஜோர்னோ, சோனோ’ என்று சொல்லி உங்கள் பெயரைச் சேர்த்த பிறகு விஷயத்துக்குப் போங்கள். ‘சோனோ’ என்பது ‘நான் இன்னார்’ என்று சொல்ல உதவும் வினைச்சொல். பெயர் சொல்லாமல் தொடங்கினால் ‘கி பார்லா?’, அதாவது ‘யார் பேசுறது?’ என்ற கேள்விதான் முதலில் வரும்.

மின்னஞ்சலில் ‘ஜென்தீலே தொத்தோரெஸ்ஸா’ என்று தொடங்கிக் குடும்பப் பெயர், முடிவில் ‘கோர்தியாலி சலூத்தி’. நிறுவனத்துக்கு எழுதினால் ‘ஸ்பெத்தாபிலே’ என்று தொடங்கி ‘திஸ்தீன்த்தி சலூத்தி’ என்று முடிக்கலாம். நண்பனுக்குக் ‘காரோ’, தோழிக்குக் ‘காரா’. மரியாதைக்குரிய ‘லேய்’யின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக எழுதுவது கடித மரபு. அப்படி எழுதினால் ‘அவள்’ என்ற பொருளோடு குழம்பாது.

10. ‘லேய்’யிலிருந்து ‘தூ’வுக்கு மாறும் நாள்

பழகிய பிறகு ஒருநாள் எதிரில் இருப்பவர் ‘போஸ்ஸியாமோ தார்ச்சி தெல் தூ?’ என்று கேட்பார். ‘நாம் நீ என்றே பேசிக்கொள்ளலாமா?’ என்று பொருள். வயதில் மூத்தவர் அல்லது பதவியில் மேலே இருப்பவர்தான் இதைக் கேட்க வேண்டும். நீங்கள் இளையவர் என்றால் காத்திருங்கள். ஆனால் உங்களை மட்டும் ‘தூ’ என்று அழைக்கலாம் என்று சொல்ல விரும்பினால் ‘மி தீயா தெல் தூ’ என்று எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம்.

கேட்காமலேயே உங்களை ‘தூ’ என்று அழைப்பவர்களும் உண்டு. ஓர் அலுவலகத்தில் எனக்கு முன்னால் நின்ற இத்தாலியரிடம் ‘லேய்’ போட்டுப் பேசிய ஊழியர், என் முறை வந்ததும் ‘தூ’வுக்கு மாறினார். நிறத்தைப் பார்த்ததும் அப்படி மாறுகிறவர்கள் இருக்கிறார்கள், அது வலிக்கத்தான் செய்யும். நீங்களும் கோபத்தில் ‘தூ’வுக்கு இறங்காதீர்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘லேய்’யைத் தெளிவாக வைத்துப் பேசுங்கள். அந்த ஊழியர் மூன்றாவது பதிலில் தானாகவே ‘லேய்’க்கு வந்துவிட்டார். அதன் பிறகு பலமுறை இது பலித்ததைப் பார்த்திருக்கிறேன்.

நல்ல மனதோடு ‘தூ’ கேட்டவரிடம் ஒப்புக்கொண்டுவிட்டால் அதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். நம்மவர்கள் ‘சரி’ என்று சொல்லிவிட்டு, அடுத்த நாள் கூச்சத்தில் மறுபடி ‘லேய்’க்குப் போய்விடுகிறார்கள். தன்மேல் ஏதோ வருத்தம் என்று அவர் நினைத்துக்கொள்வார். அவரை அடுத்து எங்கே பார்த்தாலும் ‘ச்சாவ்’ என்றே தொடங்கி, ‘கோமே ஸ்தாய்?’ என்று கேளுங்கள்.